கழற்றிப் பார்க்க முடியாத ஒன்று

பழைய காரின் அடியிலிருந்து வரும் சத்தம் பிறக்கிற இடத்தில் கேட்காது. வலது சக்கரத்துப் புஷ் தேய்ந்திருக்கும். ஓட்டுகிறவர் இடது பக்கம்தான் என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. வண்டியின் உடம்பு முழுக்க இரும்பு, அது சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோகும். அதனால் பட்டறைக்கு வருகிறவரிடம் எங்கே கேட்கிறது என்பதைவிட எப்போது கேட்கிறது என்றுதான் அதிகம் விசாரிப்பேன். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ‘டங்’ என்றால் ஸ்டிரட்டின் தலையில் இருக்கும் மவுண்டைப் பார்க்க வேண்டும். முழுக்கத் திருப்பி ஆக்சிலேட்டர் கொடுக்கையில் ‘டிக் டிக்’ என்றால் அது சஸ்பென்ஷனே இல்லை, ஆக்சில் ஜாயின்ட். சின்னப் பள்ளத்தில் மட்டும் ‘கட கட’ என்றால் எங்கோ ரப்பர் தேய்ந்து ஆட்டம் வந்திருக்கிறது. எப்போது என்று வண்டிக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அது அவருக்கு நேர்ந்தது. எதனால் என்று அவர் சொல்வதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முடிச்சூரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்த வேலை குறைவதே இல்லை. வேகத்தடைகள் ஒரு காரணம். குழாய்க்குத் தோண்டி மூடிய தெருக்கள் இன்னொன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் இங்கேயும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது தண்ணீரில் நின்ற வண்டிகளின் அடித் துருவை வெகுகாலம் சுரண்டியிருக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறேன். சிவஞான சித்தியார் பாடம் தொடங்கியபோது எனக்குப் பெரிய வியப்பு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய நூல் அது. கடவுள் உண்டு என்று நிறுவப் புகுவதற்கு முன்பே, ஒன்றை அறிந்தேன் என்று எப்போது சொல்லலாம் என்று அவர் கேட்கிறார். அறியும் வழிகள் ஆறு என்பார்கள், பத்து என்பார்கள், எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்து அறிவது, குற்றமற்றவர் சொல்லக் கேட்டு அறிவது. கருதலுக்குப் புகையும் நெருப்பும்தான் உதாரணம். அடுக்களையில் நெருப்பு இருக்கிறது, புகை வருகிறது. ஏரியில் நெருப்பு இல்லை, புகையும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் மலையில் தெரியும் புகையை வைத்து அங்கே நெருப்பு உண்டு என்று துணிந்து சொல்லலாம். முதலாவது அன்வயம், இரண்டாவது வியதிரேகம். வகுப்பில் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்து பதி, பசு, பாசம் என்கிற இறைவன், உயிர், உயிரைக் கட்டும் மலம் பற்றிய பகுதிக்குப் போகத் துடித்தார்கள். நான் இங்கேயே நின்றுவிட்டேன். நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு நான் செய்வது இதுதானே!

ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் மாருதி 800 இந்தப் பாடத்தை எனக்கு முழுசாக்கியது. அவர் தீவிர வைணவர், நெற்றியில் நாமம் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. 1983இல் வந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை இன்னும் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார். முன்பக்கம் ‘கட கட’ என்று வேறொரு இடத்தில் காட்ட, இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. அவர் கவனித்துச் சொன்ன ஒரு செய்தி அருமையானது: பிரேக்கை லேசாகத் தொட்டால் சத்தம் நின்றுவிடுகிறது.

பிரேக் தொட்டதும் நிற்கிற சத்தத்துக்கு இந்த வண்டியில் இரண்டு பேர்மேல் சந்தேகப்படலாம். ஒன்று, காலிப்பரில் பிரேக் பேட் ஆடுவது. மிதித்ததும் அது இறுகி அடங்கிவிடும். இன்னொன்று ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர். 800இல் அந்தக் கம்பி வண்டி சாயாமல் தடுப்பதோடு நிற்பதில்லை, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருப்பதும் அதுதான். பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னுக்குத் தள்ளப்படும், கம்பி இழுபடும், ரப்பரில் இருக்கிற இடைவெளி ஒரு பக்கமாக அமுங்கி ஓசை நின்றுவிடும். காலிப்பரைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. கம்பியைப் பிடிக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் லிவரைக் கொடுத்து நெம்பினேன். வலது பக்கம், நூலளவு ஆட்டம்.

லிங்க் ராடு உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றிவிட்டுத் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். 800இல் அந்தக் கம்பியைக் கழற்றி ஓட்டக்கூடாது, ஆர்ம் நிலைக்காது. அதனால் கிளாம்பைத் தளர்த்தி, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி, கம்பிக்கும் ரப்பருக்கும் நடுவில் சுற்றி இறுக்கினேன். பெரியவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். சத்தம் இல்லை. பட்டறைக்குத் திரும்பி வந்து டியூபை உருவ உட்கார்ந்தேன்.

“சத்தந்தான் போயிடுச்சே தம்பி, மறுபடி ஏன் பிரிக்கிற?”

“உருவினா சத்தம் திரும்ப வரணும் சார். வந்தாத்தான் இது காரணம்னு அர்த்தம்.”

வந்தது. இரண்டு பக்கமும் புது ரப்பர் போட்டேன். விரிசல் விட்டிருந்த லோயர் ஆர்ம் புஷ்ஷையும் மாற்றி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி நிறுத்திய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுத்தேன். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும்.

இந்த இடத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. ஐந்து பாகத்தை ஒன்றாக மாற்றிச் சத்தத்தை நிறுத்துவது சுலபம். வண்டிக்காரருக்கும் நிம்மதி. ஆனால் மாற்றியவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஐந்தில் ஏதோ ஒன்று என்பது மட்டுமே தெரியும். சத்தம் நின்றது வேறு, காரணம் தெரிந்தது வேறு. இதைத் தொழில் கற்க வரும் பையன்களிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன்.

வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பில் படிப்பதைச் சொன்னேன். பெரியவர் கேட்டார்: “சரி தம்பி. உங்க சித்தாந்தத்துல கடவுளையும் கருதல்லதானே நிறுவுறாங்க? அங்க எந்த டியூபை உருவிப் பார்ப்பே?”

சைவ சித்தாந்தத்தின் மூல நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்தைத்தான் சொல்கிறார். ஆண், பெண், அஃறிணை என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதைச் செய்பவன் ஒருவன் உண்டு. குடம் இருந்தால் குயவன் உண்டு. ஆனால் குயவன் இல்லாத இடத்தில் குடம் இல்லை என்று நாம் பார்த்திருக்கிறோம். கடவுள் இல்லாத இடத்தில் உலகம் இல்லை என்று யார் பார்த்தது? சிவன் இல்லாத இடமே இல்லை என்பது எங்கள் கொள்கை. ஒன்றாய், வேறாய், உடனாய் நிற்பவன். அப்படியானால் நெருப்பும் புகையும் இரண்டுமில்லாத அந்த ஏரிக்கு எங்கே போவது?

அவர் கேட்டது புதிய கேள்வி அல்ல. நம்மூரிலிருந்து மணிமங்கலம் வழியாகப் போனால் வரும் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ஸ்ரீபாஷ்யத்தில் இதையே கிளப்பியிருக்கிறார். ஈசுவரனை அனுமானத்தால் நிறுவ முடியும் என்ற நியாய வாதிகளை அவர் விடவில்லை. மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவரால் செய்யப்பட்டவை என்பதற்கு என்ன ஆதாரம், வேறு வேறு காலத்தில் வேறு வேறு பேர் செய்திருக்கக்கூடாதா என்று கேட்கிறார். செய்கிறவனைப் பார்த்தபோதெல்லாம் உடம்போடுதானே பார்த்திருக்கிறோம் என்கிறார். கடவுளை மறுக்க அல்ல, சாத்திரம் ஒன்றே அவனைக் காட்டும் என்று சொல்லவே இத்தனையும். ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் வீடு கட்டுவதைப் பார்த்திருக்கிறோம், உலகம் கட்டுவதைப் பார்த்ததில்லை என்று எழுதிய நூல் 1779இல்தான் வெளிவந்தது. அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, பக்தியின் உள்ளிருந்தே, இந்தக் கேள்வி இங்கே கேட்கப்பட்டுவிட்டது.

அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் தட்டிக்கழிக்கவில்லை. உயிரும் மலமும் தோன்றாத பொருள்கள், அவற்றைச் செய்தவன் இல்லை. காரியம் அல்லாததற்குக் கருத்தா இல்லை என்பதே நீ கேட்கிற வியதிரேகம் என்றார். யோசித்துச் சொன்ன பதில். ஆனால் உயிர் தோன்றாதது என்பதை நான் எங்கே கண்டேன்? அதையும் நூல் சொல்லித்தானே ஏற்றேன். அப்படியென்றால் அந்தக் கருதல் உரையின் தோளில்தான் நிற்கிறது. இந்த ஒரு விஷயத்தில், சைவனாக இருந்துகொண்டே, நான் இராமானுசர் பக்கம். முதல் சூத்திரத்தை மேடையில் நிரூபணம் என்று முழங்குகிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடவுள் உண்டு என்று எண்ண அது வழி திறக்கிறது. மறுப்பவன் வாயை அடைக்கிற வேலையை அதன் தலையில் கட்டக்கூடாது.

பிறகு எதை நம்பி நான் பீமேஸ்வரர் கோயில் படியேறுகிறேன்? அப்பரை நம்பி.

சமண மடத்தில் தருமசேனராக இருந்தவருக்குச் சூலை நோய் வருகிறது. தமக்கை திலகவதியாரிடம் ஓடிவருகிறார். அவர் தந்த திருநீற்றைப் பூசி, திருவதிகை வீரட்டானத்தில் நின்று பாடுகிறார், வலி தீர்கிறது. பக்கத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இதை 12ஆம் நூற்றாண்டில் விரித்துச் சொன்னார் என்றாலும், குடலை முறுக்கிய அந்த வலியை அப்பரே தம் முதல் பதிகத்தில் பாடியிருக்கிறார். தமக்கு நேர்ந்ததைச் சொல்கிறார். திருநீற்றைத் துடைத்துவிட்டுச் சூலை திரும்ப வருகிறதா என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் அப்பர் அல்ல. டியூபை உருவிப் பார்ப்பது வெளியே நின்று பழுது பார்ப்பவன் வேலை. நோயில் கிடந்து மீண்டவருக்கு அந்த வேலை இல்லை. தன் இன்ப துன்பத்தைத் தானே அறிவதைச் சித்தியார் தன்வேதனைக் காட்சி என்று காண்டலிலேயே ஒரு வகையாக வைத்திருக்கிறது. அப்பருக்குக் கிடைத்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியவர் அடுத்த முறை வந்தபோது இதைச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. “அவர் பட்டார், அவருக்குத் தெரிஞ்சுது. உனக்கு?” என்றார்.

“எனக்கு இன்னும் அப்படி ஒண்ணும் நடக்கல சார். ஆனா தனக்கு நடந்ததை அவர் சரியா சொல்லியிருக்கார்னு நம்புறேன். நீங்க பிரேக்கைத் தொட்டா சத்தம் நிக்குதுன்னு சொன்னப்போ, ஓட்டிப் பார்க்காமலேயே நம்பினேனே, அது மாதிரி.”

சாத்திரம் என்று தான் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல என்றார் அவர். ஒன்றுதான் என்கிறேன் நான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.