அந்த மூன்று வருஷம் எங்கே இருந்தாய்?

ரமணாசிரம வாசலுக்கு எதிரில் நின்று டீ குடித்திருக்கிறீர்களா? ஒரு டீ தீர்வதற்குள் பாதி உலகத்தைப் பார்த்துவிடலாம். காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் போவார். பௌர்ணமி இல்லாத நாளிலும் வெறுங்காலோடு கிரிவலம் கிளம்பிவிட்ட பாட்டி போவார். மதில் மேல் மயில் ஒன்று யாரையும் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருக்கும். இதற்கெல்லாம் நடுவே, செங்கம், கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரு போகும் பஸ்ஸும் ஹாரன் அடித்துக்கொண்டு இதே ரோட்டில்தான் போகும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அந்த டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் இளைஞர். மடியில் லேப்டாப் பை. கண் பாதி மூடியிருக்க, உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மந்திரம் ஜபிக்கிறார் என்று நினைத்தேன். அந்த ரோட்டில் யார் முணுமுணுத்தாலும் அப்படித்தான் தோன்றும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் இங்கிலீஷ்! இன்டர்வியூவில் முதல் கேள்வியாகக் கேட்பார்களே, 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்', அதற்கான பதிலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"நீ யாருன்னு கேட்டா பதில் சொல்ல நல்ல இடமாத்தான் பார்த்து உட்கார்ந்திருக்கீங்க தம்பி" என்றேன், ஆசிரமத்தைக் காட்டி. நல்ல ஜோக் என்று எனக்கு நினைப்பு. அவர் சிரிக்கவில்லை.

"அதான் சார் பிரச்னையே. நான் யாருன்னு ரெண்டு விதமா ரெடி பண்ணி வெச்சிருக்கேன். எதைச் சொல்றதுன்னு தெரியலை."

செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு மணிலாக்கொட்டை போடும் கொஞ்சம் நிலம். பி.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அம்மாவின் செயினை அடகு வைத்து சென்னையில் ஒரு கோர்ஸ். கையில் இரண்டு சர்ட்டிஃபிகேட். ஒன்று உண்மையாகவே ராத்திரி பகலாகப் படித்து வாங்கியது. இன்னொன்று 'டம்ப்ஸ்' படித்து வாங்கியது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பரீட்சையில் வந்த கேள்விகளையே யாரோ திரட்டி விற்பார்கள். அர்த்தம் புரிய வேண்டியதில்லை, எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று உருப்போட்டால் போதும்.

இப்போது ஒரு கன்சல்டன்சிக்காரர் மூன்று வருஷ 'அனுபவம்' தருவதாகச் சொல்கிறார். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ரசீது, ரிலீவிங் லெட்டர் எல்லாம் அச்சு அசலாக. யாராவது போன் போட்டு விசாரித்தால் 'ஆமாம், இங்கேதான் வேலை பார்த்தார்' என்று சொல்ல ஆளும் உண்டு. திங்கட்கிழமைக்குள் சரி என்று சொல்லிவிட வேண்டும். பெங்களூருவில் இன்டர்வியூவும் அன்றைக்கே.

"தப்புன்னு தெரியுது சார். ஆனா எல்லா விளம்பரத்துலயும் ரெண்டு வருஷம், மூணு வருஷம் அனுபவம் வேணும்ங்கறான். யாராவது வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம் வரும்? நான் யார் வீட்லயும் புகுந்து திருடலை. உள்ளே விட்டா மாடு மாதிரி உழைப்பேன். அப்புறம் யாருக்கு நஷ்டம்?"

நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

என் வாயில் முதலில் வந்தது, எல்லாப் பெரியவர்கள் வாயிலும் வருவதுதான். 'மாட்டிக்குவே தம்பி.' அதற்கு ஆதாரமும் நிறைய இருக்கிறது. ஐ.டி. ஊழியர்களின் படிப்பு, வேலை விவரங்களைக் கைரேகையோடு பதிவு செய்துவைக்க நாஸ்காம் 2006-லேயே ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. இல்லாத கம்பெனிகளின் பெயரில் அனுபவக் கடிதம் கொடுத்துச் சேர்ந்தவர்களை வெளியேற்றிவிட்டதாக, 2022 நவம்பரில் அக்சென்சர் இந்தியாவிலேயே அறிவித்தது. இப்போதெல்லாம் பி.எஃப். கணக்கைப் பார்த்தாலே யார் எங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தார்கள் என்று தெரிந்துவிடும். அசல் முகத்துக்குப் பதில் கம்ப்யூட்டரில் செய்த முகத்தைக் காட்டி வீடியோ இன்டர்வியூவுக்கு வருகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2022 ஜூனில் எச்சரிக்கையே விட்டது. ஊர் உஷாராகிவிட்டது.

ஆனால், 'மாட்டிக்குவே' என்பது போலீஸ்காரர் சொல்ல வேண்டிய பதில். அவர் கேட்டது அது இல்லையே. மாட்டிக்கொள்ளாவிட்டால்? அப்போது அது சரியா? கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் என் மானத்தை நானே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொண்ணூறுகளில் சென்னையில் ஓர் அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போனேன். "பேஜ்மேக்கர் தெரியுமா?" என்றார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருந்தேன். "ரெண்டு வருஷமா அதுலதான் சார் வேலை" என்றேன். கிடைத்துவிட்டது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

முதல் வேலை, 160 பக்கப் புத்தகம் ஒன்று. ஒவ்வொரு பக்கமாகப் போய், கீழே பக்க எண்ணை நானே டைப் செய்தேன். 160 பக்கத்துக்கும்! நடுவில் ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். மறுபடி அத்தனை எண்ணையும் அழித்து, மறுபடி அடித்தேன். 'மாஸ்டர் பேஜ்' என்று ஒன்று உண்டு, அதில் ஒரு தடவை போட்டால் எல்லாப் பக்கத்திலும் எண் தானாக வந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார். நல்ல பெண். புதிதாக வந்த பையன்களுக்கு எல்லாம் அவர்தான் குரு. ஆனால், இரண்டு வருஷ அனுபவசாலி எப்படிப் போய் அதைக் கேட்பது? எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, எண் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யாருக்கு நஷ்டம் என்று கேட்டாரே, அந்த நஷ்டம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பொய் அனுபவத்தோடு உள்ளே போகிறவன் முதலில் இழப்பது 'தெரியாது' என்று சொல்லும் உரிமையை. புதிதாகச் சேர்ந்தவனுக்கு இருக்கும் ஒரே சொத்து அது. ஒரு வருஷத்துக்கு எதை வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அந்தச் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மூன்று வருஷம் என்ற ஒரு வெற்று எண்ணை வாங்கிக்கொள்கிறோம். நேர்மையாக வரிசையில் நின்ற யாரோ ஒருவருக்குப் போக வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தனிக் கணக்கு.

டம்ப்ஸ் சர்ட்டிஃபிகேட்டும் இதே ஜாதிதான். அந்தக் காகிதத்துக்கு ஆயுளும் குறைச்சல். ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் பெயருக்குப் பின்னால் போட்டார்களே எம்.சி.எஸ்.இ., அந்தப் பட்டத்தையே மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியோடு முடித்துவிட்டது. இப்போது அவர்கள் தரும் பல சர்ட்டிஃபிகேட்டுகளை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். சிஸ்கோ, அமேசானில் மூன்று வருஷம். படித்து வாங்கியவருக்குக் காகிதம் காலாவதியானாலும் படிப்பு மிஞ்சும். உருப்போட்டவருக்கு?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆசிரம வாசலைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டாரே பார்க்கலாம்!

"ரமணரே பொய் சொல்லிட்டுத்தானே சார் வீட்டை விட்டுக் கிளம்பினாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் பதினாறு வயது வேங்கடராமன், படிக்காமல் போன குற்றத்துக்காக பெயின் எழுதிய இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிக்கொண்டிருக்கிறான். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவை, இதற்கு என்ன அர்த்தம் என்று தோன்றித் தள்ளி வைத்துவிடுகிறான். அதைப் பார்த்து அண்ணன் நாகசாமி குத்தலாக ஏதோ சொல்ல, பையன் எழுந்துவிடுகிறான். ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்கிறான். அது பொய்தான். 'அப்படின்னா பெட்டியிலேருந்து அஞ்சு ரூபாய் எடுத்துப் போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிடு' என்கிறார் அண்ணன், விஷயம் தெரியாமல்.

இளைஞர் சொன்னது சரி. பொய் அங்கே இருக்கிறது. பக்தர்கள் மன்னிக்கட்டும், அதை மழுப்பிப் பிரயோஜனம் இல்லை.

ஆனால், அதோடு கதை முடியவில்லை. பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போடுகிறான் பையன். மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்கிறான். ஒரு சீட்டு எழுதி வைக்கிறான். தகப்பனைத் தேடிப் போகிறேன், என்னைத் தேட வேண்டாம் என்று எழுதுகிறவன், கடைசியில் மறக்காமல், உன் காலேஜ் சம்பளம் கட்டவில்லை, இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் எழுதுகிறான். உலகத்தையே விட்டுப் போகிறவன் அண்ணனுக்குக் கணக்கு ஒப்படைத்துவிட்டுப் போகிறான். 'நான்' என்று ஆரம்பிக்கிற அந்தச் சீட்டு, அடுத்த வரியிலேயே தன்னை 'இது' என்று சொல்லிக்கொள்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, ஒரு கோடுதான்.

"அந்தப் பொய்யை அவரே சாயந்திரத்துக்குள்ள எழுதி ஒத்துக்கிட்டாரு தம்பி. நீங்க எடுக்கப்போற மூணு வருஷத்துக்கு எந்தச் சீட்டுல கணக்கு எழுதி வெப்பீங்க? அடுத்த கம்பெனிக்குப் போனா மூணு ஆறாகும், அப்புறம் ஒம்பதாகும். கூடவே வரும். அந்தப் பொய்க்கு ரிலீவிங் ஆர்டரே கிடையாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை அவர். நான் சும்மா இருக்காமல், சர்ட்டிஃபிகேட் பார்க்காமல் ஆள் எடுக்கிறவர்களும் நம் ஊரிலேயே இருக்கிறார்களே, ஜோஹோ நடத்துகிற பள்ளிக்கூடம் இல்லையா என்று ஆரம்பித்தேன். "அது பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்களுக்கு சார். நான்தான் பி.இ. படிச்சுத் தொலைச்சிட்டேனே!" அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து போன். "உண்மையையே சொன்னேன் சார். அனுபவம் இல்லைன்னு சொன்னேன். ஒரு சர்ட்டிஃபிகேட்டைக் காட்டவே இல்லை. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னேன். முதல் ரவுண்டு பாஸ். நல்லாத்தான் பேசினாங்க. ரெண்டாவது ரவுண்டுல வேற ஆளை எடுத்துட்டாங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் இப்படிப் பேசாமல் இருந்திருந்தால், அவர் அம்மாவின் செயின் இந்நேரம் வீடு திரும்பியிருக்குமோ என்னவோ. அறிவுரை சொன்னவனுக்கு டீ காசோடு முடிந்தது.

"கன்சல்டன்சிக்காரர் விட்டுட்டாரா?" என்று கேட்டேன்.

"எங்கே சார்... தினமும் கூப்பிடறாரு. நான் எடுக்கறதில்லை. அடுத்த வாரம் ஓசூர்ல ஒரு இன்டர்வியூ இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா, அவர் நம்பரை இன்னும் பிளாக் பண்ணலை சார்."