தோலுக்காக உயிரா?

கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இப்போது வீட்டில் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தோல் செருப்பும் தோல் பையும் ஓர் உயிரைக் கொன்றுதானே வருகின்றன? மார்க்கம் இதை எப்படி அனுமதிக்கிறது?" அல்லாஹ் ஹலாலாக்கியதைப் பற்றிக் கேள்வி கேட்காதே என்று பெரியவர்களில் சிலர் அதட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதட்ட வேண்டியதில்லை. இதற்குப் பதில் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் அதட்டியவரையும் சும்மா விடாது.

அன்னை மைமூனா (ரலி) அவர்கள் உரிமைவிட்ட பணிப்பெண்ணுக்கு ஸதகாவாக ஓர் ஆடு கிடைத்திருந்தது. அது செத்துப்போயிற்று. அவ்வழியே சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்பெற்றிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த பிராணியாயிற்றே என்றனர் அங்கிருந்தவர்கள். அதை உண்பதுதான் ஹராம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வரும் செய்தி இது. 'அந்நஹ்ல்' அத்தியாயத்தின் 80-ஆம் வசனமும் கால்நடைகளின் தோலையும் உரோமத்தையும் அல்லாஹ் தந்த நிஃமத்துகளில் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே தோல் ஆகுமானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஹதீஸில் எது முந்தியது என்று பாருங்கள். ஆடு முதலில் செத்தது. தோலைப் பற்றிய பேச்சு பிறகுதான் வந்தது. கையிலிருக்கும் நிஃமத் வீணாகிறதே என்ற அக்கறை அது. உணவுக்காக அறுத்த பிராணியின் தோலில் செருப்பு தைப்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே. உடை நாகரிக உலகமோ இதைத் தலைகீழாக்கிவிட்டது. அங்கே முதலில் தோல் வேண்டும். அதற்காக உயிர் போக வேண்டும்.

மிங்க் என்று ஒரு பிராணி. கீரியைப் போலிருக்கும், நீரில் நீந்தி இரை தேடும். குளிர்தேசங்களில் அதைக் கம்பிக் கூண்டில் அடைத்தே வளர்த்து, உரோமம் கெடாதபடி வாயு செலுத்திக் கொல்கிறார்கள். 2020-இல் டென்மார்க் நாட்டில் மிங்குகளிடையே கொரோனா பரவியபோது அரசு அவை அனைத்தையும் கொல்ல உத்தரவிட்டது. அப்போதுதான் உலகத்துக்குக் கணக்குத் தெரிந்தது: 60 லட்சம் மக்கள்கூட இல்லாத அந்நாட்டில் கூண்டிலிருந்த மிங்குகள் 1.5 கோடிக்கும் மேல்!

உண்ணத்தகாத பிராணியைத் தோலுக்காக அறுப்பதே ஷாஃபிஈ மத்ஹபில் கூடாது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். பதனிட்டால் தோல் சுத்தமாகும், அதன் மேலுள்ள முடி சுத்தமாகாது என்பதே அம்மத்ஹபின் பலமான சொல். அப்படியானால் அந்தக் கோட்டுடன் தொழுகை ஏது? ஹனஃபி மத்ஹபில் இவ்விரண்டிலும் இடமுண்டு. ஆயினும் உயிரை வதைக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொண்டு பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொன்ன மார்க்கமல்லவா இது!

மிங்க் கோட்டை நம் வெயிலில் யார் போடப்போகிறார்கள் என்பீர்கள். சரி, கராகுல் தொப்பி? ஜின்னா தொப்பி என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்துச் செம்மறிக் குட்டியின் தோல் அது. பிறந்த சில நாட்களில் உரோமத்தின் சுருள் அவிழத் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள்ளாகவே குட்டியை அறுத்துவிடுகிறார்கள். இன்னும் மெல்லிய ரகமோ பிறக்குமுன்னரே எடுக்கப்படுவது. ஆடு ஹலாலான பிராணி. முறைப்படி அறுத்த குட்டியின் தோலை ஹராம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் தாயிடம் இரண்டு நாள் பால் குடித்த குட்டியின் தோலைத் தலையில் வைத்துக்கொண்டு ரஹ்மானின் முன்னால் நிற்க என் மனம் ஒப்பாது. துணித் தொப்பிக்கு என்ன குறை?

இனி நம் வாசலுக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றாலே தோல்தான். நம்மவர் பலருக்குத் தலைமுறை தலைமுறையாக இதுவே ரிஸ்க். எத்தனையோ மதரஸாக்களும் பள்ளிக்கூடங்களும் அந்தப் பணத்தில் எழுந்தவை. முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். பிறகு குரோமிய உப்பு வந்தது. பாலாறும் சுற்றியுள்ள கிணறுகளும் கெட்டதைப் பற்றி 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த கூலியாட்கள் உட்பட 10 பேர் மாண்டனர். 2025 ஜனவரியிலும் அதே பாலாறு மீண்டும் உச்சநீதிமன்றத்தின் முன் நின்றது. பதனிட்டால் தோல் சுத்தமாகும் என்ற மஸ்அலா நமக்கு மனப்பாடம். அடுத்த வீட்டுக்காரர் உளூச் செய்யும் கிணறு அசுத்தமானால் அதற்கு யார் பொறுப்பு? பிறருக்குக் கேடு செய்யலாகாது என்பதும் நாயக வாக்குதானே! எல்லா முதலாளிகளையும் சொல்லவில்லை. சுத்திகரிப்புக்குச் செலவழிப்பவரும் இருக்கிறார்கள். இரவில் மதகைத் திறந்துவிடுபவரும் இருக்கிறார்கள்.

குர்பானித் தோலுக்கு வருகிறேன். அதன் விலை சில ஆண்டுகளாகப் படுவீழ்ச்சி கண்டுள்ளது. 2019 ஹஜ்ஜுப் பெருநாளில் வங்காளதேசத்தில் தோல்களை வாங்க ஆளின்றித் தெருவில் எறிந்தார்கள், மண்ணில் புதைத்தார்கள். நம் மஹல்லாக்களிலும் "யாரும் எடுக்க வரவில்லை, ஹஜ்ரத்" என்று குப்பைத் தொட்டியில் போடுகிறார்கள். மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணிடம் கேட்ட கேள்வி இங்கே நம்மிடம் கேட்கப்படாதா? அல்லாஹ்வின் பெயரால் அறுத்த பிராணி; அதன் தோலைக் கசாப்புக்காரருக்குக் கூலியாகக் கொடுப்பதைக்கூட நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்குத் தடுத்திருக்கிறார்கள். நாமோ நாய்க்குப் போடுகிறோம்.

தோல் விலைபோகாததற்கு நம் கையும் ஒரு காரணம். அவசரத்தில் உரிக்கும்போது கத்தி பட்டுத் துளை விழுகிறது; வெயிலில் குவித்துவைக்க, மாலைக்குள் நாறிவிடுகிறது. பெருநாளுக்கு முன்பே ஜமாஅத்தில் கல்லுப்பு வாங்கிவைத்து, உரிக்கத் தெரிந்தவரை அமர்த்தி, தோல்களை நிழலில் விரித்து அன்று காலையிலேயே உப்புத் தடவிவிட்டால், விலை கூடும்வரை மதரஸாவில் சில நாள் வைத்திருக்கலாம். உப்புக்கான செலவை யாராவது ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.