நோன்பின் கணக்கு

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பாலக்கரை சகாய மாதா கோயிலிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இன்று சாப்பிடாமல் விட்ட அந்த வேளைச் சோறு யார் வயிற்றுக்குப் போகிறது?

கடவுள் நம்பிக்கை இல்லாதவன் வம்புக்குக் கேட்பதாக நினைக்க வேண்டாம். இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் விரும்பிப் படித்த நூல் ஒன்று உண்டு, ‘ஹெர்மாஸின் மேய்ப்பர்’. நோன்பு எப்படி இருக்க வேண்டும் என்று அது செய்முறையே சொல்கிறது. அன்று ரொட்டியும் தண்ணீரும் போதும். வழக்கம்போல் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று கணக்குப் பார். அந்தத் தொகையை ஒரு விதவைக்கோ அனாதைக்கோ இல்லாதவருக்கோ கொடுத்துவிடு. கடவுளை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த நோன்பில் அர்த்தம் மிச்சம் இருக்கிறது. ஒருவர் பட்டினி கிடந்தார், இன்னொருவர் சாப்பிட்டார்.

அந்தக் கணக்கை நம் ஊர் விலைக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைச் சாப்பாடு 80 ரூபாய். வீட்டில் நான்கு பேர். தவக்காலத்தில் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளி உட்பட ஏழு வெள்ளிகளும் சேர்த்து எட்டு நாள். 2,560 ரூபாய் வருகிறது. உண்டியலில் போடும் பத்து ரூபாய் நோட்டு இந்தக் கணக்கில் சேராது. இந்தப் பணத்தை வீட்டில் தனியே எடுத்து வைத்து, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன்னால், பசி என்னவென்று தெரிந்த ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா? முடியாது என்றால், மிச்சமான அரிசியும் பணமும் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. அதற்குப் பெயர் சிக்கனம்.

திருச்சபை கேட்பதோ மிகக் கொஞ்சம். 1966-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்திய பிறகு, கட்டாய நோன்பு திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான். அன்றும் ஒரு முழுச் சாப்பாடும் இரண்டு சிறிய வேளைகளும் உண்டு. 18 வயது முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கே அந்தக் கடமை. வெள்ளிக்கிழமை கறி கூடாது, மீன் கூடும். இதைப் பிடித்துக்கொண்டு கறி எடுக்கும் வீட்டில் அன்று வஞ்சிரம் எடுக்கிறார்கள். ஆட்டுக்கறிக்கு ஆகும் செலவை மீனுக்குச் செய்துவிட்டு, விதி மீறவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார்கள். மீனை அரிந்து, மசாலா தடவி, பொரித்து வைப்பது யார்? காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அம்மா. அவர் உண்மையிலேயே நோன்பு இருக்கிறார். மற்றவர்கள் அவருடைய நோன்பின்மேல் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வீட்டில் நோன்பு என்றால் முதலில் அடுப்படியிலிருந்து அவரை எழுந்து வரச் சொல்லுங்கள். கஞ்சியை ஆண்கள் காய்ச்சலாம்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதில் உயிரே போகலாம். விதி நோயாளிக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. உபவாசக் கூட்டங்கள் பல கொடுப்பதில்லை. சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அதை ஆவியின் அசைவு என்று சொல்லிச் சுற்றி நின்று பாட்டுப் பாடினால் ஆள் மயங்கி விழுவார். விழுங்க முடிந்தால் வாயில் சர்க்கரை போட வேண்டும்; விழுங்க முடியாத நிலையென்றால் வாயில் எதுவும் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டு என்று எவர் சொன்னாலும், அவர் எந்த அங்கி போட்டிருந்தாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நாள் முழுக்க வெறும் வயிற்றோடு இருப்பவருக்கு வரும் லேசான மிதப்பும் உடம்பின் வேலைதான். கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பு குறையக் குறைய உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் பட்டினி இருக்கும் பாட்டிக்கும், நத்தர்வலி தர்கா பக்கம் நோன்பு பிடிக்கும் பையனுக்கும் இதே ரசாயனம்தான். உடம்பு மதம் பார்ப்பதில்லை.

அடுத்தது ஜெபம். மகனுக்கு அரசு வேலை கிடைக்க மூன்று நாள் உபவாசம் என்கிறார்கள். அதே வேலைக்குத் தேர்வு எழுதும் இன்னொரு பிள்ளையின் தாயும் உபவாசம் இருக்கிறாள். யார் அதிகம் வாடினார்கள் என்று பார்த்து வேலை கொடுக்கும் ஒருவரை நீதியுள்ளவர் என்று எப்படிச் சொல்வது? பிள்ளை சோற்றைத் தள்ளி வைத்தால்தான் கேட்டதைத் தருவேன் என்று காத்திருக்கும் அப்பனை நாம் அப்பன் என்று மதிப்போமா? ஜெபம் கடவுளின் மனதை மாற்றும் என்பதற்கு எனக்குச் சான்று கிடைத்ததில்லை. ஜெபிக்கிறவரின் மனதை மாற்றும் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். திருச்சிக் கோட்டையில் 1766-இல் கிறிஸ்து ஆலயம் கட்டிய ஷ்வார்ட்ஸ் ஐயர் ஜெபத்தில் குறை வைத்தவரல்ல. ஹைதர் அலி படையெடுப்பில் தஞ்சாவூர் பட்டினியில் தவித்தபோது, அரண்மனையின் வாக்கை நம்பாமல் தானியம் தர மறுத்த குடியானவர்களிடம் தாமே பொறுப்பேற்று நெல் வரவழைத்தார். அந்த நெல்லுக்குக் காசும் சொன்னபடி கொடுக்கப்பட்டது.

எசாயா ஆகமத்தின் 58-ஆம் அதிகாரம் தவக்காலத்தில் கோயில்களில் வாசிக்கப்படுகிறது. நோன்பிருக்கும் நாளிலேயே வேலையாட்களைக் கசக்குகிறீர்களே என்று கேட்டு, அநியாயக் கட்டுகளை அவிழ்ப்பதே நோன்பு என்கிறது அது. உட்கார்ந்து கேட்டு முடிக்கிறார்கள். இதே திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே, தலித் பிணங்களைத் தனியே வைக்க எழுப்பிய சுவர் 2010-இல் உலகச் செய்தி ஆனது. அந்தச் சுவரோடு எத்தனை தவக்காலங்கள் கழிந்தன! இறந்தவருக்காக ஜெபித்தவர்கள் அதன் இரண்டு பக்கமும் நின்றே ஜெபித்தார்கள்.

எறையூர் என்ற ஊரையும் மறக்க முடியவில்லை. 2008 மார்ச். தவக்காலம். தங்கள் கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டு அங்கே தலித் கத்தோலிக்கர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் எசாயா சொன்ன பொருளில் நோன்பு இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்களையும் அவர்கள் வீடுகளையும் தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை 2016-இல் இந்திய ஆயர் பேரவையே கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும் அதில் இருக்கிறது.

ஆகவே நோன்பு இருக்க விரும்பும் சாதிக் கிறிஸ்தவருக்கு ஒரு செய்முறை சொல்கிறேன். பட்டினி வேண்டாம், மூன்று வேளையும் சாப்பிடுங்கள். உங்கள் பங்கில் கல்லறை சாதி வாரியாகப் பிரிந்திருந்தால் பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: “நான் இறந்தால் என்னைத் தலித்துகளின் பக்கம் புதையுங்கள். இது என் விருப்பம். என் பிள்ளைகள் மறுத்தாலும் கேட்க வேண்டாம்.” பிள்ளைகளையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கடிதத்தை அன்பியக் கூட்டத்தில், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, எழுந்து நின்று வாசியுங்கள்.