வினை தேடும் துணை

கோவில்பட்டியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும், அருகிலுள்ள கரிசல் கிராமம் ஒன்றின் பள்ளியில் இப்போது ஆங்கிலம் கற்பிக்கும் அவருடைய மாணவருக்கும் நடந்த உரையாடல்.

சீடன்: ஐயா, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறாள். 'மை மதர் லுக்ஸ் பியூட்டிஃபுல்லி.' 'தி ரெய்ன் மேட் தி சாயில் சாஃப்ட்லி.' 'மை ஃபாதர் மேட் மீ டு ஸ்டடி.' ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். எழுத்துப் பிழையும் கிடையாது. ஆனால் மூன்றும் தப்பு. ஏன் தப்பு என்று கேட்கிறாள். 'ஆங்கிலத்தில் அப்படித்தான்' என்று சொல்லி உட்கார வைக்க மனம் ஒப்பவில்லை.

குரு: ஒப்பக் கூடாது தம்பி. ஏன் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் வைத்திருப்பதுதான் வாத்தியார் வேலை. முதலில் நீ சொல், வினை என்றால் என்ன?

சீடன்: ஒரு செயலைக் குறிக்கும் சொல்.

குரு: அது பாதிதான். நான் 'ஆக்கினாள்' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் உனக்கு என்ன தோன்றும்?

சீடன்: யார் ஆக்கினாள், எதை ஆக்கினாள், என்னவாக ஆக்கினாள் என்று கேட்கத் தோன்றும்.

குரு: அந்தக் கேள்விகளை நீ வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. வினைக்குள்ளேயே அவை இருக்கின்றன. ஒரு தொழில் நடக்க எட்டு வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் கணக்குச் சொல்கிறார். வினை, அதைச் செய்பவர், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, யாருக்காக, என்ன பயனுக்காக. நன்னூல் அதை ஆறாகச் சுருக்கியது. எண்ணிக்கை மாறினாலும் கருத்து ஒன்றுதான். வினை தனித்து நிற்காது. தன்னோடு யார் யார் வர வேண்டும் என்று அதுவே கேட்கும். ஆங்கில வினையும் அப்படித்தான். வந்து நிற்பவர் இன்னார் என்று அடையாளம் காட்டும் முறையில்தான் இரண்டு மொழியும் பிரிகின்றன.

சீடன்: அதை ஓர் உதாரணத்தோடு சொல்லுங்கள் ஐயா.

குரு: 'ஷி மேட் ஹிம் டீ.' 'ஷி மேட் ஹிம் எ டீச்சர்.' இரண்டிலும் வினை ஒன்று, பின்னால் வருபவை இரண்டு பெயர்கள். முதலாவதில் அவனுக்குத் தேநீர் போட்டாள். அடுத்ததில் அவனை ஆசிரியராக்கினாள். நமக்கு 'கு' என்றும் 'ஐ' என்றும் உருபு இருக்கிறது, 'ஆக' இருக்கிறது. அதனால் சொல்லை முன்பின் மாற்றினாலும் பொருள் கெடாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் பெயர்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்து உதிர்ந்தன. உருபு செய்த வேலையை இப்போது வரிசை செய்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் வினையைக் கற்பது என்றால், அதன் பின்னால் எந்த இடத்தில் என்ன நிற்கலாம் என்று கற்பது.

சீடன்: அப்படியென்றால் 'லுக்ஸ் பியூட்டிஃபுல்லி' எங்கே சறுக்குகிறது?

குரு: 'அம்மா அழகாக இருக்கிறாள்.' 'அம்மா அழகாகக் கோலம் போடுகிறாள்.' இரண்டிலும் 'அழகாக' வருகிறது. அழகு யாருடையது?

சீடன்: முதலாவதில் அம்மாவுடையது. அடுத்ததில் கோலம் போடும் செயலுடையது.

குரு: தமிழ் இரண்டுக்கும் ஒரே 'ஆக' போட்டு முடித்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. பண்பு ஆளுக்கோ பொருளுக்கோ உரியது என்றால் பெயரடை. செயலுக்கு உரியது என்றால் வினையடை. லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், ஃபீல், ஸீம், பிகம் எல்லாம் எழுவாயின் தன்மையைச் சொல்ல வரும்போது பெயரடையைத்தான் கேட்கும். நம் பிள்ளை 'ஆக' வரும் இடத்திலெல்லாம் 'லி' சேர்க்கிறாள். அவள் ஒழுங்கில்லாமல் எழுதவில்லை. தமிழின் ஒழுங்கைப் பிசகாமல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

சீடன்: இப்போது அடுத்த வாக்கியத்தை நானே சொல்லிப் பார்க்கிறேன். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல், மழை விழுந்ததும் இளகிக் காலில் அப்புகிறது. இளக்கம் மண்ணுடையது, மழையின் செயலுடையது அல்ல. ஆகவே 'மேட் தி சாயில் சாஃப்ட்.'

குரு: சரி. மழை மெல்லப் பெய்தது என்று சொல்ல வேண்டுமானால் 'தி ரெய்ன் ஃபெல் சாஃப்ட்லி.' இந்த இரண்டையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, மென்மை யாருடையது என்று மட்டும் கேள். கரிசல்காட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சீடன்: மூன்றாவதுதான் எனக்கே விளங்கவில்லை. 'டோல்ட் மீ டு ஸ்டடி' சரி, 'மேட் மீ டு ஸ்டடி' தப்பு. காரணம் என்ன?

குரு: தமிழில் படிக்கச் சொன்னார், படிக்க வைத்தார், படிக்க விட்டார், படிக்க விரும்பினார். நான்குக்கும் 'செய' என்னும் வாய்பாட்டில் ஒரே எச்சம். ஆங்கிலத்தில் டெல்லும் வாண்டும் 'டு' கேட்கின்றன. மேக்கும் லெட்டும் கேட்பதில்லை. இது வரலாறு விட்டுப்போனது. பழைய ஆங்கிலத்தில் இந்த எச்சத்துக்கென்று தனி விகுதி இருந்தது. பெரும்பாலும் நோக்கம் சொல்லும்போதுதான் 'டு' முன்னே வந்தது. விகுதி தேய்ந்ததும் 'டு' பரவிப் பெரும்பாலான வினைகளோடு ஒட்டிக்கொண்டது. கேன், மஸ்ட், லெட் போன்றவை பழைய வழக்கத்தை விடவில்லை. மேக் நெடுநாள் இரண்டு விதமாகவும் வழங்கியது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில் 23ஆம் சங்கீதத்தைப் பார், மேக்குக்குப் பின்னால் 'டு' இருக்கும். இன்றைக்கும் செயப்பாட்டுவினையில் அது திரும்பி வருகிறது: 'ஐ வாஸ் மேட் டு ஸ்டடி.'

சீடன்: அப்படியானால் இந்தப் பிள்ளை எழுதியது நானூறு ஆண்டுக்கு முன்னால் சரியா!

குரு: சரிதான். இன்றைய வழக்கில் தவறு. இரண்டையும் அவளிடம் சொல். கூச்சம் போய் ஆர்வம் வரும்.

சீடன்: ஒரு தடை எழுப்பலாமா ஐயா? பேசப் பேச மொழி தானாக வரும், இலக்கணம் எதற்கு என்கிறார்கள்.

குரு: சுற்றிலும் பேசுகிறவர்கள் இருந்தால் வரும். தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்களின் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் விழுவது உன் வகுப்பில் மட்டும்தான். அந்த ஒரு பீரியடில் ஒழுங்கைக் காட்டாவிட்டால் அவள் எங்கே போய்த் தெரிந்துகொள்வாள்? நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் சில காலம் இருந்த வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தவர். வெளியிலிருந்து தமிழுக்கு வருகிறவர்களின் சிரமம் அவருக்குத் தெரியும். அதனால்தான் பேச்சுத் தமிழுக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். அதேபோல ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி, ஜப்பானிய மாணவர்களுக்குக் கற்பித்த அனுபவத்தில், ஆங்கில வினைகளை அவற்றின் பின்னால் வருவதை வைத்து வகைபிரித்தார். 1942இல் டோக்கியோவில் வந்த அவருடைய அகராதியைத்தான் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. 1954இல் எழுதிய நூலில் 25 வினை அமைப்புகளைக் காட்டினார். வெளியில் நிற்கும் மாணவனுக்காக உழைத்தவர்கள்தான் வினையின் துணையை இவ்வளவு நுணுக்கமாகக் கண்டார்கள்.

சீடன்: 25 அமைப்பையும் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

குரு: வேண்டாம். பொருளோடு சேர்த்துக் காட்டு. 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்' என்றால் பூட்ட மறந்தேன். கதவு திறந்து கிடக்கிறது. 'ஐ ஃபர்காட் லாக்கிங் தி டோர்' என்றால் பூட்டியதை மறந்தேன். கதவு பூட்டித்தான் இருக்கிறது. 'டு' பெரும்பாலும் இனி நடப்பதைப் பார்க்கும். அதனால் வாண்ட், ஹோப், டிசைட் அதைக் கேட்கின்றன. 'இங்' நடப்பதையோ நடந்ததையோ பார்க்கும். என்ஜாய், ஃபினிஷ் அதைக் கேட்கின்றன. சஜெஸ்ட் மாதிரி இதற்கு அடங்காதவையும் உண்டு. இது ஒரு போக்குதான், விதி அல்ல என்று சொல்லியே கொடு. 'பூட்ட மறந்தேன்', 'பூட்டியதை மறந்தேன்' என்ற வேறுபாடு பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருப்பதைக் கவனித்தாயா?

சீடன்: கவனித்தேன் ஐயா. ஆனால் கொச்சையாகப் பேசும் இந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணமே வராது, ஆங்கில இலக்கணம் எப்படி வரும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

குரு: அவர்கள் காது கொடுத்துக் கேட்டதில்லை. சொல்லிக் கொடு, சொல்லி வை, சொல்லிப் பார், சொல்லிவிடு. ஒரே வினை, நான்கு துணை, நான்கு பொருள். எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குக்கு 1982இல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். அகராதி போடும் அளவுக்கு வளமும் ஒழுங்கும் உள்ள பேச்சு இது. அதைப் பேசுகிற பிள்ளைக்கு இலக்கணம் வராது என்பது பொய்.

சீடன்: நாளைக்கு வகுப்பில் நான் செய்ய வேண்டியது என்ன?

குரு: வினையைத் தனியாக எழுதிப் பக்கத்தில் ஒற்றை அர்த்தம் போடுவதை நிறுத்து. மேக் என்று எழுதாதே. மேக் தி சாயில் சாஃப்ட், மேக் ஹிம் எ டீச்சர், மேக் மீ ஸ்டடி என்று முழுதாக எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் வாக்கியத்தை எழுது. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று அவர்களையே சொல்ல வை. தாய்மொழியை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் கற்பிப்பவர், பிள்ளை கையோடு கொண்டுவந்த இலக்கணத்தைப் பிடுங்கிக்கொள்கிறார். அதை மட்டும் நீ ஒருநாளும் செய்யாதே.