பாதி நகல் எதன் நகல்?

ஆன்லைன் பேக்கப்பைப் பாதியில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது பாதி நகலா, ஒன்றுமே இல்லையா? கொல்கத்தா சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஒன்றுமே இல்லை என்பதுதான் வேலைக்கான பதில். ஏன் அப்படி என்று கேட்கப் போனால் விஷயம் சர்வர் அறையைத் தாண்டிப் போகிறது.

யாரையும் வெளியே நிறுத்தாமல், வேலை நடக்க நடக்கவே எடுக்கிற நகல் இது. ராத்திரி ஒரு மணிக்கு முதல் ஃபைல், நாலு மணிக்குக் கடைசி ஃபைல். இடையில் பில் போடுகிறார்கள், திருத்துகிறார்கள், அழிக்கிறார்கள். ஆக, நகலின் தலை ஒரு மணிக்குரியது, கால் நாலு மணிக்குரியது. அப்படியொரு டேட்டாபேஸ் எந்த நொடியிலும் உலகில் இருந்ததில்லை. இந்தக் கதம்பத்தை ஒன்றாக்குவது வால் (WAL) என்று நாங்கள் சொல்லும் மாற்றப் பதிவேடு. தொடங்கிய புள்ளியிலிருந்து முடிந்த புள்ளி வரை நடந்த மாற்றங்களை வரிசை தவறாமல் மறுபடி ஓட்டினால்தான் நகல் உயிர் பெறும். பெறுவதும் நாலு மணியின் உருவத்தை, ஒரு மணியின் உருவத்தை அல்ல. பேக்கப் என்பது அது முடிந்த கணத்தின் நகல். முடியாதது எந்தக் கணத்தின் நகலும் இல்லை. முடிவுப் புள்ளி கிடைக்காவிட்டால் போஸ்ட்கிரெஸ் அதைத் திறக்கவே மறுத்துவிடும்.

ரத்னகீர்த்தி இதைக் கேட்டால் சிரித்திருப்பார். பதினோராம் நூற்றாண்டில் விக்ரமசீலத்தில் இருந்த பௌத்த தர்க்கவாதி. உள்ளது எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிற்காது என்று நிறுவ அவர் எழுதிய க்ஷணபங்கசித்தி இந்த ஊரில்தான் அச்சேறியது. 1910-இல் ஹரப்பிரசாத் சாஸ்திரி ஆறு பௌத்த நியாய நூல்களைச் சேர்த்துப் பதிப்பித்தார். ஆசியாட்டிக் சொசைட்டி வெளியிட்டது. வாதம் சுருக்கமாக இது: காரியம் செய்வதுதான் இருப்பதன் அடையாளம். மாறாமல் நிற்கும் பொருள் தன் காரியங்களை ஒவ்வொன்றாகச் செய்யவும் முடியாது, ஒரேயடியாகச் செய்யவும் முடியாது. ஆகவே நிற்கும் பொருள் என்று ஒன்று இல்லை. நாம் ஒரே பானை என்பது கணந்தோறும் பிறந்து மறையும் பானைகளின் சந்தானம், அதாவது அறாத தொடர். டேட்டாபேஸைப் பொறுத்தவரை எனக்கு இதில் ஆட்சேபம் கிடையாது. வாலும் ஒரு சந்தானம்தான். நடுவில் ஒரு ஃபைல் தொலைந்தால் அதற்குப் பின்னால் எத்தனை இருந்தும் பயனில்லை.

ஆட்சேபம் அப்பாவுக்கு உண்டு. லேக் மார்க்கெட்டில் எங்களோடு இருக்கிறார், சைவ சித்தாந்தம் பாடம் கேட்டவர். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் பௌத்தரின் நான்கு பிரிவுகளையும் மறுக்கிறார், அப்பா அந்தப் பக்கம் நின்று கேட்பார்: "ஏம்மா, கணத்துக்கு ஒரு ஆள்னா, நேத்து செஞ்சதுக்கு இன்னைக்கு யாரு பதில் சொல்றது?"

பேக்கப் இழுத்தடிக்கிற ராத்திரியில் அந்தக் கேள்வி என் மேல் வந்து விழும். நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே பிஜி ஸ்டாட் ப்ரோக்ரஸ் பேஸ்பேக்கப் என்ற வியூ இருக்கிறது. செக்பாயின்டுக்குக் காத்திருந்தால் கோளாறு எதுவும் இல்லை. டிஸ்க்குக்குச் சிரமம் தராமல் மெல்ல எழுதுவது அதன் வழக்கம். ஃபைல் அனுப்பும் கட்டத்தில் எண் மெதுவாக ஏறினால் டிஸ்க்கோ, நெட்வொர்க்கோ, எவரோ போட்டு மறந்த வேக வரம்போ காரணம். கடைசியில் வால் ஆர்க்கைவுக்காகக் காத்திருந்தால் பேக்கப்பைத் திட்டிப் பயனில்லை. ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கும், பல நேரம் எதிர்ப்பக்கம் இடம் நிரம்பியிருக்கும். அதைச் சரிசெய்தால் பேக்கப் தானே முடியும். இடம் போதவில்லை என்று, வால் ஃபைல்கள் இருக்கும் பிஜி வால் ஃபோல்டரில் கைவைத்து அழிப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நிறுத்தலாமா என்று பேசும்போது வங்காளி சகா ஒருவர் கீதையை எடுப்பார்: தொடங்கிய முயற்சி வீண்போகாது என்று இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறதே! இருக்கிறது. யோகத்துக்குச் சொன்னது, பேக்கப்புக்கு இல்லை. மூன்று மணி நேரம் ஓடிவிட்டதே என்கிற பற்றுதான் அங்கே பேசுகிறது.

நிறுத்துவதானால், பேக்கப்பைத் தொடங்கிய இணைப்பையே மூட வேண்டும். தொடங்கிய இடத்தில் கன்ட்ரோல் சி. எடுபடாவிட்டால் சர்வருக்குள்ளிருந்து பிஜி டெர்மினேட் பேக்கெண்ட். இணைப்பு அறுந்ததும் பேக்கப் நிலையை சர்வரே விலக்கிக்கொள்ளும். கில் மைனஸ் நைன் மட்டும் கூடாது. ஒரு பிராசஸை அப்படிக் கொன்றாலும் எல்லா இணைப்பும் அறுந்து மொத்த சர்வரும் மீட்பு வேலையில் இறங்கும். பழைய எக்ஸ்க்ளூசிவ் முறையில், தொடங்கியவர் போன பின்னும் பேக்கப் லேபிள் ஃபைல் கிடக்கும். அந்நேரம் சர்வர் விழுந்தால் எழுந்திருக்கத் தடுமாறும். நல்லவேளை, 2022-இல் 15-ஆம் பதிப்பில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள்.

காலைக் கூட்டத்தில், நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்பார்கள். அந்தக் கணத்து நான் வேறு என்று சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள். ரத்னகீர்த்தியும் ஒப்பமாட்டார், வினையின் பயன் அதே சந்தானத்தில்தான் விளையும் என்பது பௌத்தர் பதில். ஆனால் சந்தானத்துக்கு ஓடத் தெரியும், போதும் என்று சொல்லத் தெரியாது. அதை ஒருவர் சொல்ல வேண்டும், அவரே மறுநாள் வந்து நிற்கவும் வேண்டும். டேட்டாவில் நான் ரத்னகீர்த்தி பக்கம், ஆள் விஷயத்தில் அப்பா பக்கம். ஷிப்ட் பதிவேட்டில் நிறுத்தியவர் பெயர், நேரம், காரணம் மூன்றையும் எழுதுங்கள். புதிய நகலை வேறு சர்வரில் மீட்டுத் திறந்து பார்க்கும் வரை பழைய நல்ல நகலை அழிக்காதீர்கள்.