சீவகாருணியமும் கணக்கு வாய்மையும்

அறஞ் செய்வாரிடத்துக் கணக்குக் கேட்டல் தகுமோ என்பது ஒரு வினா. தகாதென்பார் பலர். உணவும் நிழலுமின்றித் தெருவிலே திரியும் பிராணிகளை எடுத்துக் காப்பவரிடஞ் சென்று, “எத்தனை வந்தன? எத்தனை உயிரோடு போயின? எத்தனையை நீரே கொன்றீர்?” என வினவுதல் நன்றியில்லாச் செயலென அவர் கருதுவர். யாம் அங்ஙனங் கருதுகின்றிலேம். காரணங் கூறுதும்.

பிராணிகளுக்குப் புகலிடம் அமைக்கும் முயற்சி பெருகி வளர்ந்த தேயம் அமெரிக்கா. அங்கே நியூயோர்க்கு நகரத்தில் 1866ஆம் ஆண்டிலே ஹென்றி பேர்க் என்பார் பிராணிவதை தடுக்குஞ் சங்கமொன்றை நிறுவினார். நகரத்து நாய்ப்பட்டியை நடத்தும் பொறுப்பை அவர் ஏற்க இசைந்திலர். அவர் 1888இல் இறந்தபின், 1894இல் அச்சங்கம் அப்பொறுப்பை ஏற்று, ஏறக்குறைய நூறாண்டு நடத்தியது. காக்க எழுந்த சங்கமே கொல்லுந் தொழிலையுஞ் சுமந்தது. இதனைத் தீமையென்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடல் எளிது. இடமோ சிறிது, வருவனவோ பல, ஏற்பார் சிலர். இந்நிலையிலே நோயுற்ற பிராணியைத் துன்பமின்றிச் சாகவிடுதல் கருணையென்று அவர் துணிந்தனர். அத்துணிவு சரியோ பிழையோ என்பது வேறு வாதம். கொன்றதைக் கொன்றதென்று எழுதினாரா என்பதே ஈண்டு எமது கேள்வி.

1994இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்திலே றிச்சேட் அவன்சீனோ என்பார் தலைமையிலிருந்த சங்கம், ஏற்கத்தக்க நலமுள்ள நாய் பூனை ஒன்றும் அந்நகரப் புகலிடங்களிற் கொல்லப்படாதென நகரத்தாரோடு உடன்படிக்கை செய்தது. அதன்பின், “கொலையிலாப் புகலிடம்” என்னும் பெயர் நாடெங்கும் பரவிற்று. வந்தவற்றுள் நூற்றுக்கு 90 உயிரோடு வெளியேறினால் அப்பெயருக்கு உரிமையுண்டென்பது வழக்காயிற்று. பெயர் வந்தவிடத்துப் பொருளும் வந்தது; பொருள் வந்தவிடத்துக் கணக்கிலே கைவைக்கும் ஆசையும் வந்தது.

அஃது எவ்வாறெனின், ஒரு புகலிடத்துக்கு நூறு பிராணிகள் வந்தன எனக் கொள்வாம். 80 உயிரோடு போயின, 20 கொல்லப்பட்டன. வீதம் 80. இனி, அவ்விருபதனுள் 12ஐ, “உடையவரே கொல்லும்படி கேட்டவை” என்று புறம்பாக எழுதிவிட்டாற் கணக்கு 88க்கு 80 ஆகும். வீதம் 90ஐத் தாண்டும். ஓருயிரேனும் கூடப் பிழைத்ததில்லை. 2004இல் கலிபோர்னியாவிலுள்ள அசிலோமரிலே பல சங்கத்தார் கூடிப் பொதுக் கணக்குமுறை யொன்றை வகுத்தனர். நலமுள்ளவை, குணமாக்கத்தக்கவை, குணமாக்கலாகாதவை எனப் பிராணிகளை அது வகுத்தது. குணமாக்கலாகாத பிராணியை உடையவர் வேண்டுகோளின்படி கொன்றால், அது வீதத்திற் சேராது. வகுத்தவர் நோக்கம் நன்றே. ஆயினும் இன்ன நாய் குணமாகாதது எனத் தீர்ப்பவர் யார்? அந்த வீதத்தினாலே பெயரும் பொருளும் பெறுபவரே தீர்க்கின்றார்.

ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா. பரீட்சையிலே நூற்றுக்கு நூறு சித்தியென விளம்பரஞ் செய்யும் பாடசாலைகளை யாமும் நீவிரும் அறிவோம். மெலிந்த மாணாக்கனை, “அடுத்த ஆண்டு தோற்றலாம்” என்று நிறுத்திவைத்தால் வீதம் தானே உயரும். சேர்க்கும்போதே கெட்டிக்காரரைத் தெரிந்தெடுத்தால் இன்னும் உயரும். எல்லாரையும் ஏற்கும் அயற்பாடசாலை அந்த ஒப்பீட்டிலே நாணி நிற்கும். புகலிடங்களின் கதையும் இதுவே. கிழட்டு நாயையும் கடிநாயையும் வாயிலிலே திருப்பிவிடும் இல்லம் 98 காட்டும்; எதனையும் மறுக்கலாகாதென்னும் விதியுள்ள நகரப் பட்டி 70 காட்டும். திருப்பப்பட்ட நாய் பட்டிக்குச் சென்று இறந்தால், அச்சாவு யார் ஏட்டில் எழுதப்படும்?

சாவைக் குறைத்துக் காட்டுவதற்கு அஞ்சி ஒரு நாயை ஆண்டுக்கணக்காய்க் கூட்டிலடைத்து அறிவுமயங்கச் செய்தலும் உண்டு. அதனைக் காப்பென்று சொல்ல எம் நா எழுகின்றிலது.

இனிப் பொருள் திரட்டும் வகையைக் கூறுதும். 2007இல் நியூயோர்க்குச் சங்கம் துயரமான பாட்டோடு காயமுற்ற நாய்களின் முகங்களைத் தொலைக்காட்சியிற் காட்டியது. இரண்டாண்டளவிலே மூன்று கோடி டொலர் வந்ததென்பர். காட்சி பொய்யன்று. ஆயின் பார்த்தவருட் பலர், தம் ஊரிலுள்ள அதே போன்ற பெயருடைய புகலிடத்துக்கே பணஞ் சேருமென எண்ணினர். ஊர்ச் சங்கங்களோ தனித்தனியானவை; அச்சங்கத்தின் கிளைகளல்ல. ஒருவன் அறியாமையாலே கொடுப்பதை அறிந்தும் திருத்தாது வாங்குதல் களவுக்கு எத்துணைத் தொலைவு?

இங்கே ஒரு தடை எழும். குற்றமற்ற நன்மை தருமாயிற் பொய்யும் வாய்மையிடத்ததென்று திருவள்ளுவர் கூறினாரன்றோ? சாவை மறைத்தலாற் பொருள் வரும். பொருளாற் பல உயிர் பிழைக்கும். ஆதலின் மறைத்தல் அறமாகாதோ எனின், ஆகாதென்க. மறைத்தவர் அந்நன்மையிலே தாமும் பங்குடையர்: சம்பளமும் புகழும் அவர்க்குண்டு. அன்றியும், சாவு ஏன் நேர்ந்ததென்பது வெளிப்பட்டாலன்றோ கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பணஞ் செல்லும்? மறைக்கப்பட்ட சாவு அடுத்த ஆண்டும் வரும். கொல்லாமையை முதலிலும் பொய்யாமையை அதன் பின்னும் வைத்த அவ்வாசிரியர், முன்னதைக் காக்கப் பின்னதை விற்கச் சொன்னாரல்லர்.

எனினும் உண்மை கூறினாரையே உலகம் கல்லெறிதலையும் மறத்தலாகாது. வேர்ஜீனியா மாநிலத்திலே ஒவ்வொரு புகலிடமும் ஆண்டுதோறும் வரவும் சாவும் அரசுக்கு எழுதிக் கொடுத்தல் வேண்டும். யாரும் அதனைப் பார்க்கலாம். அங்குள்ள பீற்றா என்னுஞ் சங்கத்தின் புகலிடத்திலே, பல ஆண்டுகளில் வந்தவற்றுட் பெரும்பகுதி கொல்லப்பட்டமை அவ்வேட்டினாலே வெளியாயிற்று. பிறர் மறுத்த கடைநிலைப் பிராணிகளையே தாம் ஏற்கின்றோமென்பது அவர் விடை. அவ்விடையை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். 2015இல் தனியார் புகலிடத்தின் நோக்கம் பிராணிகளுக்கு நிலையான வீடு தேடலே என்று அம்மாநிலம் சட்டமுஞ் செய்தது. ஏடு இருந்தமையாலன்றோ இவ்வழக்கே எழுந்தது? நல்ல எண்ணை மாத்திரம் கேட்க விரும்பும் கொடையாளரும் இப்பொய்க்கு ஒருவகையிற் காரணரே.

நம் நாட்டிலே தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு 2006இல் கைவிட்டது. அது முதல், கருத்தடைக்கும் நீர்வெறுப்புத் தடுப்பூசிக்கும் புகலிடத்துக்குமாகப் பொருள் கேட்பார் பாடசாலைகளுக்கும் வருதலுண்டு. உண்டியலை வகுப்புக்குள் விடுமுன் தலைமையாசிரியர் ஒரு கடிதம் எழுதலாம்: சென்ற ஆண்டு வந்தவை எத்தனை, வாயிலிலே மறுக்கப்பட்டவை எத்தனை, இறந்தவையும் கொல்லப்பட்டவையும் எத்தனை, கையிருப்பு எவ்வளவு என்று. விடை வருமளவும் ஒரு தவணை பொறுத்திருத்தலாற் பிள்ளைகளின் காசுக்கு நட்டமில்லை.