மூச்சை விடும் கலை



சூலக்கரையில் நின்று சுவாசத்தைப் பற்றிப் பேசுகிறவன், கிழக்கே அருப்புக்கோட்டைக்கு அப்பாலுள்ள திருச்சுழியை நினைத்து வணங்காமல் வாய் திறக்கலாகாது. 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் அவ்வூரில் அவதரித்த பகவான் ரமண மகரிஷிகள், மனத்துக்கும் பிராணனுக்கும் பிறப்பிடம் ஒன்றே என்று காட்டி, மனம் தன்னைத்தானே விசாரித்து அடங்க இயலாதவர்களுக்கு மூச்சின் வழியைத் திறந்துவிட்டதோடு, அவ்வழியால் கிட்டும் ஒடுக்கம் தற்காலிகமானதே என்ற எச்சரிக்கையையும் கூடவே அருளினார்கள்.

அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், மூச்சை இழுக்கும் பூரகத்துக்குப் பதினாறு, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு அறுபத்துநான்கு, வெளியே விடும் ரேசகத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை என்று கணக்கு வகுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 21,600 சுவாசம், அதாவது நிமிஷத்துக்குப் பதினைந்து, என்பது நம் யோகியர் சொல்லும் கணக்கு. போகர் என்னும் சித்தர் சீன தேசம் சென்று வந்தவர் என்று சித்தர் மரபு பேசும். அதைச் சரித்திரமாக நிலைநாட்ட நான் முற்படவில்லை. ஆயினும், அந்தத் தேசத்துத் தாவோ ஞானிகளும் இதே பொருளில் ஆழ்ந்து உழைத்தார்கள் என்பதற்குக் கண்கண்ட சாட்சி உண்டு. சீனாவின் சாங்ஷா நகருக்கருகில் மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் திறந்தபோது, கை விரித்தும் இடை வளைத்தும் உடலையும் மூச்சையும் பயிற்றும் நாற்பத்துநான்கு ஆண் பெண் உருவங்களைத் தீட்டிய பட்டுச் சித்திரம் ஒன்று கிடைத்தது. இன்று சீகுங் என்று வழங்கும் பயிற்சிகளின் முன்னோர் அவ்வுருவங்களே. நாபிக்குக் கீழே மூன்று விரற்கடையில் சித்தத்தை நிறுத்தி, குழந்தையின் மூச்சைப்போல் மென்மையாகச் சுவாசிப்பதே அந்த மார்க்கத்தின் உயிர்நிலை. வலிந்து இறுக்குவதை அது அடியோடு விலக்குகிறது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பட்டாசுக்கு மருந்து அடைக்கும் ஒரு சகோதரியைச் சற்றே உற்றுப் பாருங்கள்: அலுமினியத் தூள் படிந்து விரல்கள் வெள்ளியாய் மின்ன, தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்க, ஒவ்வொரு குழாயும் நிரம்பும் மட்டும் அவளையறியாமலே மூச்சு நின்றுவிடுகிறது. உராய்வுக்கு அஞ்சி அஞ்சி வேலை செய்யும் சரீரத்துக்கு நாள் முழுதும் கும்பகத்திலேயே கழிகிறது. அத்தகையோருக்கு இன்னும் அடக்கு, இன்னும் நிறுத்து என்று போதிப்பது தர்மமாகாது. அவர்களுக்கு வேண்டியது ரேசகமே. வெளிமூச்சு நீளும்போது இருதயத்தின் துடிப்பு இறங்குகிறது, நரம்புகளின் முறுக்கு தளர்கிறது என்பதை இன்றைய வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது.

அப்பியாசம் எளியது. விடியற்காலையில், வெறும் வயிற்றோடு, திறந்த வெளியில் முதுகை நிமிர்த்தி அமருங்கள்; உள்ளங்கையை நாபியின் கீழே வையுங்கள்; நான்கு எண்ணும் அளவு நாசியால் இழுக்க வயிறு எழட்டும்; ஆறு எண்ணும் அளவு விட, வயிறு தாழட்டும். நிமிஷத்துக்கு ஆறு சுவாசம் என்ற இந்தக் கதியில் பத்து நிமிஷம் போதும். அதன்பின் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, போகிற மூச்சையும் வருகிற மூச்சையும் வெறுமனே பார்த்திருங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, இயல்பாகச் சுவாசியுங்கள். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மூச்சை உள்ளே நிறுத்தும் பயிற்சியை நாடவே வேண்டாம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்துத் தூள் பறக்கும் அறைக்குள் ஆழ்ந்து சுவாசிப்பது யோகமன்று, ஆபத்து. நுரையீரலில் படிந்த தூளை எந்தப் பிராணாயாமமும் கழுவிவிடாது. அங்கே முகக்கவசமும், இருமல் நீடித்தால் மருத்துவரும் வேண்டும். ஆகவே இச்சபையில் தொழிற்சாலை அதிபர்கள் எவரேனும் இருந்தால் அவர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்: மதிய உணவுக்கு முன் பத்து நிமிஷம், கூலியில் பிடித்தம் இல்லாமல், உங்கள் தொழிலாளர்களை அறையை விட்டு வெளியே வரச்செய்து, வேப்ப மரத்தடியில் உட்கார விடுங்கள்.